சங்கச் செய்யுளிற் காணும் அம்புமுனைகள் – ஒரு நோக்கு

சங்கச் செய்யுட்களை வீரயுகத்தின் வெளிப்பாடாகக் கொண்டு ஆராயும் முறை ஈழத்துத் தமிழாய்வில் ஆழ வேரூன்றியுள்ளது. பேராசிரியர் க. கைலாசபதி தமிழ் வீரநிலைக் கவிதை பற்றி ஆங்கிலத்தில் எழுதி 1968இல் வெளிவந்த நூல் இதற்கு உறுதியான அடித்தளம் இட்டது. கிரேக்கம், ஐரிஷ் முதலிய மொழிகளின் பழம்பாடல்களோடு ஒப்பிட்டு, பாணர் மரபையும் வாய்மொழி வாய்பாடுகளையும் அந்நூல் நிறுவிக் காட்டியது. எனினும், அவ்வழியிற் பின்வந்த கட்டுரைகள் பலவற்றில் ஒரு குறைபாடு புலப்படுகின்றது. வில்லும் வேலும் வாளும் அவற்றில் வீரத்தின் சின்னங்களாக மட்டுமே எண்ணப்படுகின்றன. அவை ஒருவன் செய்து, ஒருவன் விலைகொடுத்துப் பெற்று, ஒருவன் கையாண்டு தேய்த்த கருவிகள் என்ற உண்மை மறக்கப்படுகின்றது. உரை மரபும் இதற்கு ஓரளவு துணைபோயிற்று. பகழி, கணை, கோல், வாளி என்று பாடல் எதனைக் கூறினும் ‘அம்பு’ என்றே பொருள் எழுதி அப்பாற் செல்வது உரைகளின் பொது வழக்கு.

எந்த அம்பு, அதன் முனையில் இருப்பது எது, அதனைத் தேர்ந்தவர் யார், எதன்பொருட்டுத் தேர்ந்தனர் என்னும் வினாக்களை எழுப்பினால் சில பாடல்கள் புதுப்பொருள் தருகின்றன. அம்புமுனையை நுணுகிக் கூறும் பாடல்களையும், எய்தவனின் ஆற்றலை மட்டும் கூறும் பாடல்களையும் அருகருகே வைத்து, அவ்வேறுபாட்டின் சமுதாயப் பொருளை ஆராய்வதே இக்கட்டுரையின் நோக்கமாகும்.

முதலிற் கருவியின் இயல்பைச் சுருக்கமாக நோக்குதல் தகும். அம்பின் முனை எய்பவனின் விருப்பத்தால் மட்டும் அமைவதன்று. மெல்லிய கோலிற் பாரமான முனையைச் செருகினால் அம்பு தலைகவிழ்ந்து வீழும். அகன்ற இலைபோன்ற முனை தசையை வெட்டிக் குருதியைப் பெருகச்செய்யும். மான், பன்றி போன்ற விலங்குகளை வீழ்த்த அது ஏற்றது. ஒடுங்கிய கூர்முனை ஆழ ஊடுருவும். தோற்கேடயத்தையும் தடித்த தோலையும் துளைக்க அது வேண்டும். சிற்றுயிர்களை எய்வதற்கும், கை பழகுவதற்கும், புதரில் வீழ்ந்து காணாமற்போனாலும் வருந்தத் தேவையற்ற மலிவான முனையே போதும். வில்லின் வலி, கோலின் தடிப்பு, இலக்கின் இயல்பு, கைவசமுள்ள பொருள் ஆகிய நான்கும் கூடியே முனையைத் தீர்மானிக்கின்றன. இவற்றுள் இறுதியாகக் கூறப்பட்ட கைப்பொருள் இலக்கியத் திறனாய்வில் மிகக் குறைவாகவே கவனிக்கப்பட்டுள்ளது.

புறநானூற்றின் 324ஆம் பாடல் இவ்வகையிற் பெரிதும் கருதத்தக்கது. ஆலத்தூர் கிழார் பாடிய இப்பாடல் ஒரு சிற்றூரின் காட்சியோடு தொடங்குகின்றது. காட்டுப்பூனையின் பார்வையை ஒத்த பார்வையினர் வேட்டுவச் சிறுவர். பறவையின் ஊனைத் தின்றமையால் அவர்கள் வாயிற் புலால் மணக்கின்றது. அவர்கள் கையிலுள்ள அம்பைப் புலவர் பகுதி பகுதியாகப் பிரித்துக் காட்டுகின்றார். கோல், ஊகம்புல்லின் நுண்ணிய தாள். முனை, உடைமரத்தின் வெண்ணிற முள். அம்முள்ளின் அடி உள்ளே துளையுடையது. அத்துளையில் ஊகந்தாள் செறிக்கப்பட்டுள்ளது. வில், வளாரை வளைத்துக் கட்டியது. இலக்கு, பருத்திவேலியில் ஓடும் எலி.

இவ்வருணனையில் ஒரு சொல்லும் மிகையன்று. ஊகந்தாள் இரும்பைத் தாங்காது. வளாரில் அமைந்த வில் பாரமான அம்பைச் செலுத்தாது. எலிக்கு முள்முனை போதுமானது. எல்லாவற்றிலும் மேலாக, முள்ளின் அடியில் இயற்கையாகவே துளை இருத்தலைப் புலவர் குறிப்பிடுகின்றார். இரும்பு முனையைக் கோலிற் பொருத்துவதற்குக் கொல்லன் குழல்போன்ற அடிப்பகுதியை அடித்து வளைத்து ஆக்கவேண்டும். அச்சிறுவர்க்கு அதனை மரமே செய்து கொடுத்துவிடுகின்றது. ஆலத்தூர் கிழார் அம்பைக் கையில் எடுத்துப் பார்த்தவர், அல்லது எடுத்துப் பார்த்தோர் மரபில் வந்தவர் என்று துணிவதற்கு இந்நுட்பம் ஒன்றே போதும்.

இச்சிறுவர் விளையாடுகின்றனரா, பயில்கின்றனரா, வேட்டையாடுகின்றனரா? மூன்றும் ஒன்றே என்பது பாடல் தரும் விடை. வாயின் புலால் நாற்றம் அவர்கள் எய்வதை உண்கின்றனர் என்பதைச் சொல்லிவிடுகின்றது. பயிற்சிக்கென ஒரு களமும் வேட்டைக்கென மற்றொரு களமும் வகுத்துக்கொள்வது ஓய்வும் உடைமையும் உள்ளோர்க்கு இயலும். வேட்டுவக் குடியிற் பிறந்த சிறுவன் உணவு தேடும்போதே கை பழகுகின்றான். அவனது முனை முள்ளாக இருப்பது பருவத்தால் மட்டுமன்று, பொருள்நிலையாலும் ஆகும்.

முள்முனையினின்று இரும்புமுனைக்கு வரும்போது குறுந்தொகையின் இரு பாடல்கள் உதவுகின்றன. இரண்டும் பாலைத்திணைக்கு உரியன. ஓதலாந்தையார் பாடிய 12ஆம் பாடலில், எறும்பின் வளைகளைப் போன்ற சிறு சுனைகள் கொண்ட பாறைமீது எயினர் ஏறி நின்று தம் பகழியைத் தீட்டுகின்றனர். அப்பாறைக்குக் கொல்லனின் பட்டடைக்கல் உவமையாகின்றது. இவ்வுவமை வெயிலின் கொடுமையை உணர்த்த வந்தது என்று கூறுவர். அது பொருந்தும். ஆயினும் அதற்கும் மேலாக ஒன்று உண்டு. எயினரின் கையில் இரும்பு இருக்கின்றது. கொல்லன் அருகில் இல்லை. மழுங்கிய முனைக்குப் பதிலாகப் புதிய முனை பெறும் வாய்ப்பு அவர்க்கு எளிதன்று. ஆகவே பாறையே அவர்க்குக் கொல்லன் களமாகின்றது.

பாலை பாடிய பெருங்கடுங்கோவின் 16ஆம் பாடல் இதனினும் நுட்பமானது. பொருள் தேடிப் பிரிந்தவர் நம்மை நினையாரோ என்ற வினாவே அதன் கரு. அவர் செல்லும் வழியிற் செங்காற் பல்லி தன் துணையை அழைக்கின்றது. அவ்வொலிக்கு உவமை, கள்வர் தம் பகழியை நகத்தின் நுனியிற் புரட்டும்போது எழும் ஓசை. பகழிக்கு அடையாக வரும் ‘பொன்’ என்னும் சொல்லுக்கு, 1937இல் வெளியிட்ட தம் பதிப்பில், டாக்டர் உ. வே. சாமிநாதையர் இரும்பு என்று பொருள் கொண்டார். பழந்தமிழிற் பொன் என்பது உலோகத்தின் பொதுப்பெயராகவும் வழங்கியமையால் அது தக்க உரையாகும். வழிப்பறித்து வாழும் கள்வரின் அம்பிற் பொன்னணியைக் காண்பது பொருந்தாது.

இங்கே விளக்கம் வேண்டி நிற்பது ‘செப்பம்’ என்னும் சொல். கள்வர் அம்பை நகத்திற் புரட்டுவது செப்பம் கொள்வதற்காக என்கின்றது பாடல். கூர்மையை அறிவதற்காக என்று இதனைப் பொதுவாகக் கொள்ளலாம். ஆனால் கூர்மையை அறிய முனையை நகத்தில் அழுத்தினாலோ இழுத்தாலோ போதும், புரட்ட வேண்டியதில்லை. வில்லாளர் இன்றும் கையாளும் ஒரு முறை இதனைத் தெளிவாக்குகின்றது. அம்பை நகத்தின்மீது வைத்துச் சுழற்றுவர். கோல் நேராகவும் முனை கோலின் நடுவிற் பிசகாமலும் பொருந்தியிருந்தால் அம்பு வழுக்கிச் சுழலும். சிறிது கோணல் இருந்தாலும் அது நகத்தில் துள்ளித் துள்ளிச் சிற்றொலி எழுப்பும். செப்பம் என்னும் சொல்லின் நேர்மைப்பொருளும், புரட்டுதல் என்னும் வினையும், விட்டுவிட்டு எழும் பல்லியின் ஒலியும் இவ்விளக்கத்தில் ஒருங்கே பொருந்துகின்றன. உவமை ஓசையளவில் மட்டுமன்றித் தாளத்திலும் பொருந்துவதைக் காணலாம்.

கவிதையின் உயிரும் இங்குதான் உள்ளது. பல்லி அழைப்பது துணையை. அம்பு காத்திருப்பது வழிப்போக்கனை. காதலின் ஒலியும் கொலைக்கு ஆயத்தமாகும் ஒலியும் கேட்போர்க்கு ஒன்றாகவே கேட்கின்றன. பிரிந்து சென்றவர் பல்லியைக் கேட்டுத் தன்னவளை நினைப்பாரா, அன்றி அதே ஒலியை அம்பின் ஓசையென அஞ்சுவாரா என்ற கலக்கம் சொல்லப்படாமலே நிற்கின்றது. நகத்திற் புரட்டுவதன் நோக்கத்தை அறியாத வாசகனுக்கு இவ்வுவமை ஒரு விந்தையாக மட்டுமே தோன்றும். கருவியைப் பற்றிய அறிவு இங்குக் கவிதையின் புறத்தே நிற்கும் செய்தியன்று. கவிதையை உணர்வதற்கான வாயில் அதுவே.

இரும்புமுனையைக் கொடுத்தவன் கொல்லன். வேடனுக்கும் கொல்லனுக்கும் இடையிலான உறவு எவ்வாறு இருந்திருக்கக்கூடும் என்பதை எண்ணிப்பார்க்க, பிற்காலத்துச் சான்று ஒன்று இலங்கையிலேயே உள்ளது. கண்டி அரசிற் சிறைப்பட்டு ஏறத்தாழ இருபது ஆண்டுகள் இந்நாட்டில் வாழ்ந்த றொபேட் நொக்ஸ், 1681இல் இலண்டனில் வெளியிட்ட தம் நூலில் வேடரைப்பற்றி ஒரு செய்தி தருகின்றார். அம்புமுனை வேண்டும்போது வேடர் இரவில் இறைச்சியைக் கொணர்ந்து கொல்லனின் பட்டறையில் தொங்கவிடுவர். தமக்கு எவ்வடிவில் முனை வேண்டுமோ அவ்வடிவில் ஓர் இலையை வெட்டி அதனருகே தொங்கவிடுவர். கொல்லன் அவ்வாறே செய்து அதே இடத்தில் வைத்தால் மேலும் இறைச்சி கொணர்வர். செய்யாதுவிடின் இரவில் அம்பெய்து அவனுக்குத் தீங்கிழைப்பர்.

சங்க காலத்தையும் பதினேழாம் நூற்றாண்டையும் ஒன்றெனக் கொள்வது தவறாகும். ஆயினும் இருவேறு உற்பத்தி முறைகள் சந்திக்கும் எல்லையில் எத்தகைய உறவு அமையலாம் என்பதை இச்செய்தி காட்டுகின்றது. முனையின் வடிவத்தைத் தீர்மானிப்பவன் அதனைப் பயன்படுத்தும் வேடன். அவன் மொழி ஓர் இலை. செய்பவன் கொல்லன், ஊதியம் இறைச்சி. இவ்வுறவிற் பண்டமாற்று உண்டு, அச்சமும் உண்டு. சங்கச் செய்யுட்கள் வேலின் அலகை இலை என்றே பல இடங்களிற் குறிப்பதும் இங்கு நினைக்கத்தக்கது. உலோகத்துக்கு வடிவம் தந்த முன்மாதிரி மரத்திலும் செடியிலும் இருந்தது என்பதை அச்சொல் இன்றளவும் சுமந்து நிற்கின்றது.

இதனோடு பொன்முடியாரின் புறநானூற்று 312ஆம் பாடலை ஒப்பிடுதல் பயன்தரும். தாய், தந்தை, கொல்லன், வேந்தன், மகன் ஆகியோரின் கடமைகளை வரிசைப்படுத்தும் அப்பாடலில் வேலை வடித்துக் கொடுப்பது கொல்லனின் கடனாகின்றது. அவனுக்கு என்ன கிடைத்தது என்ற பேச்சே அங்கு எழுவதில்லை. நொக்ஸ் கண்ட கொல்லன் இறைச்சிக்காகவும் அச்சத்தாலும் உழைத்தான்; பொன்முடியாரின் கொல்லன் கடமைக்காக உழைக்கின்றான். பண்டமாற்று மறைந்து கடமை தோன்றும் இவ்விடத்தில் வீரநிலைக் கருத்தியல் தொழிற்படுவதை நன்கு காணலாம்.

இப்பின்னணியில், வில்லாண்மைக்குப் பெரிதும் மேற்கோள் காட்டப்படும் பாடலுக்கு வருவோம். வன்பரணர் வல்வில் ஓரியைப் பாடிய புறநானூற்றின் 152ஆம் பாடலில், ஓர் அம்பு யானையை வீழ்த்தி, புலியைக் கொன்று, புள்ளிமானை உருட்டி, காட்டுப்பன்றியை வீழ்த்தி, இறுதியிற் புற்றிலிருந்த உடும்பிற் சென்று தைக்கின்றது. இதனைத் தமிழர் வில்லாற்றலின் சான்றாகக் கொண்டாடுவோர் உளர். வெறும் மிகை என்று ஒதுக்குவோரும் உளர். இரு சாராரும் பாடல் எதனைச் சொல்லாது விடுகின்றது என்பதைக் கவனிப்பதில்லை. அவ்வம்பின் முனை எத்தகையது என்ற குறிப்பு பாடலில் இல்லை. எய்த திறம் சிறப்பிக்கப்படுகின்றது. வீழ்ந்த விலங்குகள் பலவும் தத்தம் அடையோடு வருகின்றன. அம்போ பெயரளவில் நிற்கின்றது. யானைக்கு ஏற்ற முனையும் உடும்புக்கு ஏற்ற முனையும் வேறுவேறு என்பதை ஊகந்தாளில் முள் செறித்த சிறுவனும் அறிவான். அவ்வறிவு இப்பாடலுக்குத் தேவைப்படவில்லை.

யானைமீது எய்த அம்பு என்ன செய்யும் என்பதைச் சங்கப் புலவர் அறியாதாரல்லர். குறிஞ்சிப்பாட்டிற் கபிலர் காட்டும் தலைவன் தினைப்புனத்தின் மகளிரை நோக்கி வந்த யானையின் முகத்தில் அம்பை அழுந்த எய்கின்றான். யானை இறப்பதில்லை; நெற்றியிற் குருதி வழியப் புறங்கொடுத்து ஓடுகின்றது. அங்குப் புலவர்க்கு வேண்டியது மகளிரின் அச்சம் நீங்குதல். அதற்கு நிகழக்கூடிய நிகழ்ச்சியே போதுமானது. ஆகவே ஓரியின் அம்பை அறியாமையின் விளைவு என்று கூறுவதற்கில்லை. அது அறிந்தே செய்த தெரிவாகும்.

அத்தெரிவின் காரணத்தைப் பாடலின் பிற்பகுதியே வெளிப்படுத்துகின்றது. எய்தவன் யாரென்று அறியாத பாணர் கூட்டம் அவனை நோக்கி வியக்கின்றது. இவன் கொன்றதை விற்பவனைப் போலத் தோன்றவில்லை, செல்வம் மிக்கவனாகத் தோன்றுகின்றான், மார்பில் ஆரம் அணிந்திருக்கின்றான் என்று அவர்கள் தமக்குள் கூறிக்கொள்கின்றனர். பின்னர் பாடுகின்றனர், இவனுக்கு நிகரான வேட்டுவர் இல்லையென்கின்றனர். அவனோ நாணி, மானிறைச்சியையும் மதுவையும் தன் மலைப் பொன்னையும் வழங்குகின்றான். வேட்டையாடுவோருள் விற்பதற்காகக் கொல்பவரே பெரும்பாலோர் என்ற நடைமுறை உண்மை இவ்வியப்பின் அடியிற் கிடக்கின்றது. கோவூர்கிழார் பாடிய புறநானூற்று 33ஆம் பாடலில் நாயோடு திரியும் வேட்டுவன் மான்தசையைக் கொடுத்து உழவர் மனையில் நெல்லைப் பெறுகின்றான். அவனே பாணர் அன்றாடம் கண்ட வேட்டுவன். ஓரியின் உயர்வு அவனைப்போல் இறைச்சியை நம்பி வாழத் தேவையில்லாமையில் நிலைகொள்கின்றது. கருவியின் கட்டுப்பாடுகளிலிருந்து அவன் அம்பு விடுபட்டு நிற்பதும், வாழ்வின் தேவைகளிலிருந்து அவன் விடுபட்டு நிற்பதும் ஒன்றையொன்று ஒத்தவை.

இம்முடிவுக்கு ஒரு தடை எழுப்பப்படலாம். வேந்தரையும் கடவுளரையும் பாடும் செய்யுட்களிலும் ஆயுதத்தின் தோற்றம் வருணிக்கப்படுகின்றதே என்று வினவலாம். குறுந்தொகையின் முதற்பாடலில் முருகனின் அம்பு சிவந்த கோலுடையது, உண்மையே. ஆனால் அந்நிறம் போர்க்களத்தின் குருதியோடு சேர்த்தெண்ணப்படும் நிறம். அம்பின் அமைப்பை அது கூறவில்லை. ஔவையாரின் புறநானூற்று 95ஆம் பாடல் தடையை மேலும் தெளிவாகத் தீர்க்கின்றது. தொண்டைமானின் படைக்கலங்கள் பீலி அணிந்து, மாலை சூடி, நெய் பூசப்பெற்றுக் காவல்மிக்க மனையில் உள்ளன. அதியமானின் படைக்கலங்களோ பகைவரைக் குத்தி நுனி முறிந்து கொல்லனின் சிறு பட்டறையிற் கிடக்கின்றன. அழகாக வருணிக்கப்படும் ஆயுதம் பயன்படாத ஆயுதம் என்பதே ஔவையாரின் எள்ளல். பயன்பட்ட ஆயுதத்தைக் காணக் கொல்லனின் பட்டறைக்கே செல்லவேண்டும் என்பதை அவர் அறிந்திருந்தார்.

திருக்குறளின் படைச்செருக்கு அதிகாரத்தில் வரும் 772ஆம் குறளையும் இங்கு நோக்கலாம். முயலை வீழ்த்திய அம்பை ஏந்துவதினும் யானைக்குக் குறிதப்பிய வேலை ஏந்துவது இனிது என்கின்றார் வள்ளுவர். முயலுக்கு அம்பும் யானைக்கு வேலும் எனக் கருவியைச் சரியாகவே பகுத்திருக்கின்றார். ஆனால் ‘இனிது’ யாருக்கு என்னும் வினா எஞ்சுகின்றது. மறவனுக்கு இனிது என்பதில் ஐயமில்லை. முயலிறைச்சிக்காகக் காத்திருக்கும் வேட்டுவக் குடிலில் அவ்வினாவுக்கு வேறு விடையே கிடைத்திருக்கும். அவ்விடையைச் சொல்லும் குறள் எழுதப்படவில்லை. அதனைச் சங்கப் பாடல்கள் சில, முள்முனையைக் காட்டியும் நகநுனியின் ஓசையைக் கேட்பித்தும், ஓரளவு சொல்லிவிடுகின்றன.

மேற்கூறியவற்றால் ஒரு பொதுமுடிவுக்கு வரலாம். கருவியை அதன் பொருளோடும் அமைப்போடும் காட்டும் பாடல் அக்கருவியால் வாழ்வோரை அணுகி நிற்கின்றது. எய்த திறத்தை மட்டும் காட்டும் பாடல் புரவலனை அணுகி நிற்கின்றது. இரண்டையும் ஒரே ‘வீரம்’ என்னும் சொல்லால் மூடிவிடுவது திறனாய்வாகாது. வாய்மொழி வாய்பாடு என்ற விளக்கமும் இங்கு முழுமையாக உதவுவதில்லை. வீரப்புகழ்ச்சிக்கு வாய்பாடு உண்டு. உடைமுள்ளின் துளைக்கு வாய்பாடு இல்லை. அது கண்ணாற் கண்டு பெறவேண்டியது. சங்கச் செய்யுட்களின் சமுதாய உள்ளடக்கத்தை ஆராய்வோர் வேந்தரின் போர்களைத் தொகுப்பதோடு அமையாது, இத்தகைய சிறு பொருள்களிலும் கவனம் செலுத்துதல் வேண்டும்.

ஆலத்தூர் கிழாரின் பாடலுக்கு மீண்டும் வந்து இதனை நிறைவுசெய்யலாம். வேட்டுவச் சிறுவரின் எலிவேட்டை அப்பாடலின் தொடக்கமேயன்றி முடிவன்று. அவர்கள் வாழும் சிற்றூரின் தலைவனைப் புகழ்வதே அதன் குறிக்கோள். அவனது பெருமை யாது? வெற்றிபொருந்திய படையையுடைய வேந்தன் அழிய நேர்ந்தால் அவ்விடத்திலேயே தானும் அழியத் துணிந்த தோழன் அவன் என்பதே. பாடலின் ஒரு முனையில் வேலியோரத்து எலியும் மறுமுனையில் வேந்தனுக்கான சாவும் உள்ளன. இடையில் இருப்பது அச்சிறுவரின் வளர்ச்சி. முள்முனை கழன்று இரும்புமுனை ஏறும் நாளில் அவர்கள் தலைவனின் பின் நிற்பர். தலைவன் வேந்தனின் பின் நிற்பான். தலைவன் எதற்காகச் சாவான் என்பதைப் பாடல் கூறுகின்றது. ஊகந்தாளில் முள் செறித்த சிறுவன் எதற்காகச் சாவான் என்பதைக் கூறவில்லை. அவ்வினாவை எழுப்புவது இன்றைய வாசகனின் கடன்.